பரிசுக்கு வராத வல்லமை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை வேளையில் இராஜபாளையத்திலிருந்து திருவில்லிபுத்தூருக்குப் பேருந்தில் சென்றுகொண்டிருந்தேன். அருகில் நம் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் வந்து அமர்ந்தார். அவர் பள்ளியொன்றில் அறிவியல் ஆசிரியர். திருப்பலிக்கு வருவதைக் குறைத்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவருக்கும் தெரியும். சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த தாள் ஒன்றை எடுத்து நீட்டினார்.

"சாமி, இதைப் படித்துப் பாருங்கள். இதில் சில வரிகள் நம்மைப் பற்றியவை. பிரசங்கத்தில் இதற்குப் பதில் சொல்ல முடியுமா?"

அது ஒரு பழைய அறைகூவலின் நகல். இருபத்து மூன்று செயல்களை அது வரிசையிட்டிருந்தது. ஏமாற்றுக்கு இடந்தராத நிலையில் இவற்றுள் ஏதேனும் ஒன்றைத் தெய்வீக ஆற்றலால் செய்து காட்டுவோர்க்கு ஒரு லட்சம் ரூபாய் பரிசு. கீழே, இலங்கையில் வாழ்ந்த ஆபிரகாம் கோவூர் என்பாரின் பெயர். ஆண்டாள் கோயிலின் கோபுரம் கண்ணில் படத் தொடங்கியபோது அத்தாளைப் படித்து முடித்தேன். அன்று என்னால் விடை கூற இயலவில்லை. "பிறகு பேசுவோம்" என்று சொல்லி இறங்கிவிட்டேன். அந்தப் 'பிறகு' இப்போதுதான் வந்திருக்கிறது.

பரிசு பிறந்த கதை

இத்தகைய பரிசுகளின் வரலாறு கோவூரோடு தொடங்கவில்லை. முதல் உலகப்போர் முடிந்த காலம். இலட்சக்கணக்கான பெற்றோர் தம் மைந்தரைப் பறிகொடுத்திருந்தனர். இறந்தவரோடு பேசித் தருவதாகச் சொல்லும் ஆவியூடகர்களின் இருட்டறைகள் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் நிரம்பி வழிந்தன. துப்பறியும் கதைகளால் உலகப் புகழ் பெற்ற ஆர்தர் கோனன் டாயில், தம் மகனை 1918இல் இழந்தவர். ஆவியுலகக் கொள்கையின் பெரும் பரப்புரையாளராக அவரே விளங்கினார். அறிவுக் கூர்மை துயரத்திற்கு முன் எவ்வளவு எளிதில் தோற்றுப்போகிறது என்பதற்கு அவர் ஒரு சான்று.

இந்தச் சூழலில், 'சயன்டிஃபிக் அமெரிக்கன்' என்னும் அறிவியல் இதழ் 1922ஆம் ஆண்டின் இறுதியில் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஆவியின் உண்மையான நிழற்படத்துக்கு 2,500 டாலர். ஆவியின் ஆற்றலால் கண்முன் நிகழும் செயல் ஒன்றுக்கு மேலும் 2,500 டாலர். நடுவர் குழுவில் பேராசிரியர்களோடு ஒரு செப்படி வித்தைக்காரரும் இடம்பெற்றார். அவர்தாம் ஹாரி ஹூடினி.

ஹூடினியின் தந்தை யூத குரு. தாயார் மீது ஹூடினி கொண்டிருந்த பாசம் அளவற்றது. தாயார் இறந்து ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1922இல், கோனன் டாயிலின் மனைவியார் அத்தாயின் ஆவி தம் கை வழியாக எழுதுவதாகக் கூறிப் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார். எழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. உச்சியில் சிலுவை அடையாளம் இருந்தது. யூத குருவின் மனைவியான அந்த அம்மையார்க்கோ ஆங்கிலம் பேச வராது. பொய்யான ஆறுதலை ஹூடினியால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவருடைய பிற்காலப் போராட்டத்தின் பின்னணியில் இந்தக் காயமும் இருந்தது.

பரிசு நாடி வந்தவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் பாஸ்டன் நகரத்து மருத்துவர் ஒருவரின் மனைவி. 'மார்ஜரி' என்ற பெயரால் அறியப்பட்டவர். இருட்டில் மணி ஒலித்தது, மேசை புரண்டது, குரல்கள் கேட்டன. நடுவர்களுட் சிலர் ஏறத்தாழ நம்பிவிட்டனர். 1924 ஜூலையில் ஹூடினி வந்து அந்த அம்மையாரின் அருகில் அமர்ந்தார். தம் கால் கூர்ந்து உணரும் வண்ணம் பகல் முழுவதும் இறுக்கமான கட்டுப் போட்டு அதைக் கன்றிப்போகச் செய்திருந்தார். மணி ஒலிப்பதற்கு முன் அம்மையாரின் கால் சிறிது சிறிதாக நகர்ந்து மணிப் பெட்டியை நாடியதை அந்தக் கால் உணர்ந்துவிட்டது. 1925 தொடக்கத்தில் பரிசு மறுக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சி நமக்கொரு பாடம் தருகிறது. கற்றவர் ஏமாறமாட்டார் என்பது தவறு. இயற்கையை ஆராயும் பேராசிரியர்க்கு, தம்மை ஏமாற்ற முனையும் மனிதரை ஆராய்ந்து பழக்கமில்லை. அதற்கு அந்த வித்தையே தெரிந்த ஒருவர் தேவைப்பட்டார்.

குருவானவரின் மகன்

ஆபிரகாம் கோவூர் 1898இல் கேரளத்தின் திருவல்லாவில் பிறந்தார். தந்தையார் மார்த்தோமா சபையின் குருவானவர். கல்கத்தாவில் தாவரவியல் பயின்ற கோவூர், 1928இல் யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். அங்கே அவருக்கு மறைநூல் வகுப்பும் ஒப்படைக்கப்பட்டதாம். தேர்வில் மாணவர் அனைவரும் சிறப்பாக வெற்றி பெற்றனர். ஆனால் மறு ஆண்டு அந்த வகுப்பு அவருக்குத் தரப்படவில்லை. காரணம் கேட்டபோது, மாணவர்கள் மதிப்பெண் பெற்றுவிட்டார்கள், விசுவாசத்தைத்தான் இழந்துவிட்டார்கள் என்று முதல்வர் விடையளித்ததாகச் சொல்லப்படுகிறது. மறைக்கல்வி நடத்தும் நம்மனோர் சிரித்துவிட்டுக் கடந்துபோக முடியாத கதை இது. மறைநூலைப் பாடமாக மட்டும் ஒப்புவித்தால் மதிப்பெண்தான் மிஞ்சும்.

1959இல் ஓய்வு பெற்றபின், பேய் பிடித்ததாகவும் வீட்டில் கல் விழுவதாகவும் சொல்லப்பட்ட இடங்களுக்கெல்லாம் நேரில் சென்று ஆராய்வதையே கோவூர் தம் பணியாக்கிக்கொண்டார். அவருடைய ஆய்வுக் குறிப்பு ஒன்று 'புனர்ஜன்மம்' என்ற மலையாளப் படமாகி, 1973இல் 'மறுபிறவி' எனத் தமிழுக்கும் வந்தது. 1963இல் அவர் விடுத்ததே அந்த ஒரு லட்சம் ரூபாய் அறைகூவல். விண்ணப்பிப்போர் ஆயிரம் ரூபாய் முன்பணம் கட்ட வேண்டும். வென்றால் பரிசோடு அதுவும் திரும்பக் கிடைக்கும். முத்திரையிட்ட உறைக்குள்ளிருக்கும் ரூபாய் நோட்டின் எண்ணைப் படித்தல், தணலின்மீது அரை நிமிடம் அசையாது நிற்றல், பூட்டிய அறையிலிருந்து வெளியேறுதல் என்று பட்டியல் நீண்டது. 1978இல் கோவூர் மறையும் வரை பரிசை எவரும் பெறவில்லை. தம் கண்களைத் தானம் செய்த அவர், எலும்புக்கூட்டையும் தாம் கற்பித்த கொழும்புப் பள்ளியின் ஆய்வுக்கூடத்துக்கே விட்டுச்சென்றார்.

அவருக்குப்பின் அந்த அறைகூவலை ஏந்தியவர் நம் தமிழகத்தில், கோவையை அடுத்த போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த். 1930இல் கோழிக்கோட்டில் பிறந்த இவரும் செப்படி வித்தை அறிந்தவர். ஊர் ஊராகச் சென்று, வெறுங்கையிலிருந்து திருநீறு கொட்டினார். நாவின்மீது கற்பூரம் எரித்தார். பின்னர் அது எவ்வாறு நிகழ்ந்தது என்பதையும் மக்களுக்கு விளக்கினார். சாம்பலைக் கஞ்சியில் பிசைந்து சிறு வில்லைகளாக உலர்த்தி விரலிடுக்கில் மறைத்துக்கொண்டால் வேண்டியபோது நொறுக்கிக் கொட்டலாம். இவருடைய ஒரு லட்சமும் 2009இல் இவர் மறையும்வரை தீண்டப்படாமலே இருந்தது. சாகும் தறுவாயில் மனம் மாறிவிட்டார் என்று வதந்தி எழுந்தபோது, மாறவில்லை என்று கையொப்பமிட்டு அறிக்கை கொடுத்துவிட்டே கண்மூடினார். அவருடைய முடிவை நாம் ஏற்கவில்லை. எனினும் அவரது நேர்மையை மதிக்காமலிருக்க முடியாது.

அமெரிக்காவில் ஜேம்ஸ் ராண்டி என்ற வித்தைக்காரர் 1964இல் ஆயிரம் டாலரோடு தொடங்கிய பரிசு, 1996இல் பத்து லட்சம் டாலராக உயர்ந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தனர். முதற்கட்டச் சோதனையைக்கூட எவரும் தாண்டவில்லை. 2015இல் அப்பரிசு நிறுத்தப்பட்டது.

கவட்டைக் கோலும் பத்துக் குழாய்களும்

இச்சோதனைகள் எப்படி நடந்தன என்பதை நம் ஊர் வழக்கம் ஒன்றைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். வானம் பார்த்த நம் பகுதியில் ஆழ்துளைக் கிணறு தோண்டுமுன், நீரோட்டம் பார்ப்பவரை அழைப்பதுண்டு. வேப்பங்கவட்டையைப் பிடித்துக்கொண்டோ, உள்ளங்கையில் தேங்காயை ஏந்திக்கொண்டோ அவர் நடப்பார். ஓரிடத்தில் கவட்டை தாழும், தேங்காய் நிமிரும்.

இத்தகையோரை ராண்டி பலமுறை சோதித்தார். மண்ணுக்கடியில் பத்துக் குழாய்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றில் மட்டும் தண்ணீர் விடப்படும். எதில் என்பது சீட்டுக் குலுக்கித் தீர்மானிக்கப்படும். தேடுபவருக்கும் அது தெரியாது. உடன் நிற்பவருக்கும் தெரியாது. கண்ணை மூடிச் சொன்னாலும் பத்தில் ஒருமுறை சரியாகிவிடும். ஆகவே அதற்கு மேல் எத்தனை முறை சரியாகச் சொன்னால் வெற்றி என்பதை இரு தரப்பினரும் முன்கூட்டியே எழுதிக் கையொப்பமிடுவர். தண்ணீர் ஓடும் குழாய் எது என்று அறிந்திருக்கும்போது கோல் தவறாமல் தாழ்ந்தது. அறியாதபோது குருட்டுக் கணக்கைத் தாண்டவில்லை.

அப்படியாயின் நீரோட்டம் பார்ப்பவர் பொய்யரா? பெரும்பாலோர் அல்லர். மனம் எதிர்பார்ப்பதை, நாம் அறியாமலே நம் தசைகள் மெல்லச் செய்துவிடுகின்றன. பிரெஞ்சு வேதியியலார் செவ்ரூல் 1833இலேயே இதை விளக்கிவிட்டார். கோல் தானாகவே அசைவதாக அவர் மெய்யாகவே உணர்கிறார். தன்னையே அறியாமல் ஏமாறும் நல்லவரும் உலகில் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

ஆனால் எல்லாரும் அப்படி அல்லர். 1986இல் பீட்டர் போப்பாப் என்ற அமெரிக்கக் குணமளிக்கும் போதகரை ராண்டி ஆராய்ந்தார். கூட்டத்திலிருப்போரின் பெயர், முகவரி, நோய் ஆகியவற்றை அப்போதகர் கடவுள் வெளிப்படுத்தியதாக உரக்கச் சொல்வார். உண்மையில் கூட்டத்துக்கு முன் மக்கள் எழுதிக்கொடுத்த விண்ணப்பங்களை அவர் மனைவி வானொலிக் கருவி வழியே வாசிக்க, போதகரின் காதில் மறைந்திருந்த சிறு கருவி அதை வாங்கிக்கொண்டிருந்தது. ராண்டியின் குழு அந்த அலைவரிசையைப் பிடித்துப் பதிவுசெய்து, தொலைக்காட்சியில் நாடறிய ஒலிக்கச் செய்தது. மறு ஆண்டே போதகர் கடனாளியாகி நொடித்துப்போனார். வருந்தத்தக்க செய்தி, சில ஆண்டுகளில் அவர் மீண்டும் கூட்டங்கள் நடத்தத் தொடங்கினார், மக்களும் வந்தார்கள்.

நம்மைப் பற்றிய வரிகள்

இனி அந்த இளைஞரின் வினாவுக்கு வருவோம். கோவூரின் பட்டியலில் தண்ணீர்மேல் நடத்தல் இருந்தது. தண்ணீரைத் திராட்சை இரசமாக்குதல் இருந்தது. அந்த இரசத்தை இரத்தமாக்குதலும் இருந்தது. துண்டிக்கப்பட்ட உறுப்பை ஓர் அங்குலமாவது வளரச் செய்தல் என்னும் வரியில் லூர்து தீர்த்தமும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருந்தது. பிற சமயத்தாரின் சாமியார்கள் அகப்படும்போது நகைப்பது நமக்கு எளிது. அதே விரல் நம் பீடத்தை நோக்கித் திரும்பும்போதுதான் நம் மனம் சோதிக்கப்படுகிறது.

முதலில் இரசத்தைப் பற்றி. வசீகரத்தின்பின் திருக்கிண்ணத்திலிருப்பதை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினால், திராட்சை இரசம் என்றே விடை வரும். இதைக் கேட்டு எந்தக் கத்தோலிக்கரும் அதிர வேண்டியதில்லை. 1551இல் திரிதெந்து பொதுச்சங்கம் கற்பித்ததும், அதற்கு முன் புனித தோமா அக்வினார் விளக்கியதும் அதுவே: மாறுவது உட்பொருள், நிறமும் சுவையும் மணமுமாகிய புறத்தன்மைகள் மாறுவதில்லை. ஆகவே நான் கோவூரிடம் விண்ணப்பித்திருந்தால் முன்பணம் ஆயிரத்தை இழந்திருப்பேன். என் விசுவாசத்தை இழந்திருக்கமாட்டேன். நாம் அறிக்கையிடுவதை அந்த அளவுகோல் அளக்கவில்லை.

அடுத்து லூர்து நகர். 1858இல் அன்னையின் காட்சிகள் நிகழ்ந்த அந்நகரில், 1883 முதல் மருத்துவ ஆய்வகம் ஒன்று இயங்கி வருகிறது. எச்சமயத்தைச் சார்ந்த மருத்துவரும், சமயமே சாராத மருத்துவரும் அங்கே ஆய்வில் பங்கேற்கலாம். நோய் கடுமையானதாகவும் ஐயமற உறுதிசெய்யப்பட்டதாகவும் இருக்க வேண்டும். குணம் எதிர்பாராததாகவும் முழுமையானதாகவும் நிலைத்ததாகவும் இருக்க வேண்டும். மருந்தால் விளைந்தது என்று சொல்ல இடமிருத்தல் ஆகாது. பின்னாளில் பதினான்காம் ஆசீர்வாதப்பர் என்னும் திருத்தந்தையான லாம்பர்த்தினி 18ஆம் நூற்றாண்டில் வகுத்த அளவைகளே இவற்றின் அடிப்படை. குணமடைந்ததாகப் பதிவுசெய்தோர் ஏழாயிரத்துக்கும் மேல்; 2025 வரை திருச்சபை புதுமையென ஏற்றவை 72. நூற்றுக்கு ஒன்று என்ற அளவுதான். ஏற்கப்பட்டவற்றுள் துண்டிக்கப்பட்ட உறுப்பு வளர்ந்ததாக ஒன்றுமில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். அங்கே தொங்கிய ஊன்றுகோல்களைக் கண்ட அனத்தோல் பிரான்சு என்ற எழுத்தாளர், மரக்கால் ஒன்றைக் காணோமே என்று கேலி பேசினார். அந்தக் கேலிக்கு நம்மிடம் எதிர்க்கேலி இல்லை.

சோதிப்பது திருச்சபைக்கு அந்நியமன்று என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. 2024 மே 17 அன்று விசுவாசக் கோட்பாட்டுத் துறை வெளியிட்ட விதிமுறைகள் மேலும் எச்சரிக்கையானவை. காட்சிகள், கண்ணீர்விடும் சுரூபங்கள் முதலியவற்றை இயற்கைக்கு அப்பாற்பட்டவை என்று ஆயர் அறிவிப்பது இனி வழக்கமாயிராது; தடையில்லை என்று சொல்வதே போதுமானது. பணமும் அதிகாரமும் புகழும் தேடும் நோக்கம் தென்பட்டால் அது ஐயத்துக்குரிய அடையாளம் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. முந்நூறு ஆண்டுகளுக்கு முன் நம் தென்சீமையில் பணியாற்றிய வீரமாமுனிவர், மூட குருவையும் அவன் சீடரையும் பரமார்த்த குருவின் கதையில் எள்ளி நகையாடினார். அவரும் ஒரு குருவே.

இப்படிப்பட்ட மரபுக்கு உரிய நாம், 2012இல் மும்பையில் எவ்வாறு நடந்துகொண்டோம்? வேளாங்கண்ணி அன்னை ஆலயம் ஒன்றின் திருச்சிலுவையில், ஆண்டவரின் பாதத்திலிருந்து நீர் சொட்டியது. மக்கள் அதைத் தீர்த்தமென ஏந்தினர். பகுத்தறிவாளர் சனல் இடமருகு நேரில் ஆராய்ந்து, அருகிலிருந்த கழிவுநீர் வடிகாலின் அடைப்பால் தேங்கிய நீர் சுவரில் ஊறிச் சிலை வழியே கசிகிறது என்றார். அவர் தொலைக்காட்சியில் திருச்சபையைக் கடுஞ்சொற்களால் சாடியதும் உண்மை. ஆயினும், சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் கத்தோலிக்க அமைப்புகள் சில காவல்துறையில் முறையிட்டன. அவர் நாட்டைவிட்டுப் பின்லாந்து சென்றார். மக்கள் கழிவுநீரை ஏந்தாதபடி தடுத்தவருக்கு நாம் சொல்லியிருக்க வேண்டிய முதற்சொல் நன்றி அன்றோ! எஞ்சிய வழக்கைப் பின்னர் பேசியிருக்கலாம்.

ஆண்டவர் மறுத்த பரிசு

அற்புதத்துக்குப் பரிசு என்பது நற்செய்திக்குப் புதிதன்று. கல்லை அப்பமாக்கு, கோவிலின் உச்சியிலிருந்து குதி என்று பாலைநிலத்தில் கேட்டவன், உலக அரசுகள் அனைத்தையும் பரிசாகக் காட்டினான். ஆண்டவர் மறுத்தார். வானத்திலிருந்து அடையாளம் கேட்ட பரிசேயருக்கும் மறுத்தார். வேடிக்கை பார்க்க ஆவலோடு காத்திருந்த ஏரோதின் முன் ஒரு சொல்லும் பேசவில்லை. சமாரியாவின் சீமோன் அந்த வல்லமையைப் பணம் கொடுத்து வாங்க வந்தபோது, பேதுரு சினந்து விரட்டினார். விற்கப்படுவதும் விரும்பியபோது நிகழ்த்தப்படுவதும் எதுவோ, அது ஆண்டவரின் புதுமை அன்று. அவர் செய்தவை அருங்குறிகள். பசித்தோர்க்கும் நோயுற்றோர்க்கும் இரங்கிச் செய்தவை. பணம் கட்டி எவரும் வரவழைக்க முடியாததாலேயே அவற்றைக் கொடை என்கிறோம்.

ஆகவே ஒரு நூற்றாண்டாக எவரும் வெல்லாத அந்தப் பரிசுகள், கடவுள் இல்லை என்று மெய்ப்பிக்கவில்லை. கடவுளின் வல்லமை தம் கைப்பைக்குள் இருக்கிறது என்போரிடம் அது இல்லை என்பதை மட்டும் மெய்ப்பித்தன. அந்தப் பணியில் கோவூரும் பிரேமானந்தும், தாம் எண்ணாமலே, நமக்கும் உதவியிருக்கிறார்கள்.

இத்தனையும் அந்த இளைஞருக்கான விடை. ஆனால் என்னை எழுதவைத்தவர் வேறொருவர். நூற்பாலையில் உழைத்து ஓய்வு பெற்ற ஒரு தாய்; நீரிழிவு நோயாளி. காலில் ஆறாத புண். வெளியூரிலிருந்து வந்த போதகர் ஒருவர் நடத்திய குணமளிக்கும் கூட்டத்துக்குப் போய், இரண்டாயிரம் ரூபாய் காணிக்கையும் போட்டுவிட்டு வந்தார். மறுநாள் திருப்பலிக்கு நான் உடுத்திக்கொண்டிருந்தபோது வந்து, "மாத்திரையை நிறுத்தினால்தான் விசுவாசம் என்கிறார்களே சாமி, உண்மையா?" என்று கேட்டார். மணி அடித்துவிட்டது. "நம்பிக்கையோடு ஜெபியுங்கள் அம்மா" என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் போய்விட்டேன். 'மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்ற ஒரே வாக்கியத்தைச் சொல்லவில்லை.

இரண்டு மாதம் கழித்து மதுரையில் அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். முதல் வெள்ளியன்று அவர் வீட்டுக்கு நற்கருணை கொண்டுசென்றேன். பெற்றுக்கொண்டு சிறிது நேரம் கண்மூடியிருந்தார். பிறகு, "என் விசுவாசம் பத்தாமப் போச்சா சாமி?" என்று கேட்டார்.

கோவூரின் ஏழாவது வரி அப்போது என் நெஞ்சில் தைத்தது. அந்தப் போதகரிடம் அந்தத் தாளை யாராவது முன்பே நீட்டியிருந்தால்! நான் நீட்டியிருந்தால்! "இல்லை அம்மா. உங்கள் விசுவாசத்தில் குறையில்லை. உங்களிடம் பொய் சொன்னார்கள், நான் உண்மையைச் சொல்லாமல் இருந்துவிட்டேன்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அன்பர்களே, குணமளிப்பதாகச் சொல்பவர் உங்கள் ஊருக்கு வருவார். யாருடைய நோய், எந்த மருத்துவர் உறுதிசெய்தார், இப்போது அவர் எப்படியிருக்கிறார், காணிக்கை எங்கே போகிறது என்று கேளுங்கள். கேட்பது பாவமன்று. தோமா கேட்டார், ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லை, தம் காயங்களைக் காட்டினார். காட்ட மறுத்துச் சினப்பவரிடம் உங்கள் நோயாளியைக் கொண்டுபோகாதீர்கள். மாத்திரையை விழுங்கிவிட்டு ஜெபியுங்கள். இரண்டும் இறைவன் தந்தவையே.

அந்த இளைஞருக்கு இவ்விதழை நானே கொண்டுபோய்க் கொடுக்கவிருக்கிறேன்.